கலைய மறுத்த சபையும் சிவகலாவின் கதிரையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வாய்வீச்சில் பிறந்தது.

சுவிஸின் பாசல் நகரில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள். கையில் ரோல்ஸ், சுற்றிவர நாலைந்து பேர். "இப்ப என்ன எழுதுறியள்?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். நான் ஒன்றும் எழுதவில்லை. மருந்துக் கம்பனி ஒன்றின் உணவுச்சாலையில் காய்கறி வெட்டுகிற வேலை எனக்கு. வெட்டிவிட்டு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் சரிந்துவிடுவேன். இதையெல்லாம் நாலு பேருக்கு முன்னால் சொல்ல முடியுமா? "பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து. உள்நாட்டுப் போர். அரசன் ஒரு பக்கம், பாராளுமன்றம் ஒரு பக்கம். அந்த நேரம் பாராளுமன்றம் என்னண்டு நாட்டைக் கொண்டு நடத்தினது எண்டு ஒரு கதை" என்று அவிழ்த்துவிட்டேன்.

எங்கள் ஆட்கள் எதை மறந்தாலும் இதை மறக்கமாட்டார்கள். அடுத்த கிழமை தமிழ்க் கடையில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருக்கும்போது யாரோ முதுகில் தட்டி, "இங்கிலாந்து எந்தளவிலை நிக்குது?" என்றார். எழுதாமல் இனித் தப்ப முடியாது என்று தெரிந்துவிட்டது.

அந்த விடயம் ஏன் வாயில் வந்தது என்றால், ஊரில் உயர்தரத்துக்கு நான் ஐரோப்பிய வரலாறு எடுத்தவன். படித்ததில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை மூன்று பெயர்கள்தான்: குறும் பாராளுமன்றம், நீண்ட பாராளுமன்றம், எச்சப் பாராளுமன்றம். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒலிக்கும். கடைசிப் பிள்ளைதான் எனக்குப் பிடித்தது.

சரி, தொடங்கினேன்.

முதலாம் தொடக்கம்: "1642ஆம் ஆண்டு தை மாதக் குளிரில், தேம்ஸ் நதியின் மீது மூடுபனி ஒரு —"

(கைவிடப்பட்டது. லண்டனுக்கு நான் ஒரு கலியாணத்துக்கு மட்டும்தான் போயிருக்கிறேன். அதுவும் ஆடி மாதம். என் மனைவி மனோகரி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அண்டைக்குப் பனிப்புகார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாள். ஒருவரும் சொல்லவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "அரசன் வாளேந்திய ஆட்களோடு சபைக்குள் நுழைந்தபோது சபாநாயகர் காலையில் சாப்பிட்டிருந்தது —"

(இதுவும் போயிற்று. அவர் என்ன சாப்பிட்டார்? பாணா, கஞ்சியா? ஒரு மனிதனின் காலைச் சாப்பாடு தெரியாமல் அவனை நான் கதைக்குள் நடக்கவிடுவதில்லை. தொழில் அப்படி.)

மூன்றாம் தொடக்கம்: "சோலோதுர்ன் நகரில், ஒரு தேவாலயத்தின் வாடகை மண்டபத்தில், மேசைமேல் ஒரு மாட்டு மணி இருந்தது."

இது நின்றது. மண்டபம் எனக்குத் தெரியும். அந்த மணியும் தெரியும். அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று மணத்தை வைத்தே சொல்லுவேன்: உளுந்து வடை, கோப்பி, யாரோ கொண்டுவந்த கேக். ஆகவே வாசகரே, இங்கிலாந்துப் பாராளுமன்றத்தை அப்படியே தூக்கி, சோலோதுர்னில் ஓடும் ஆறெ நதியின் கரையில் வைத்துவிட்டேன். கொஞ்சம் பாரம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

வரலாறு தெரியாதவர்களுக்கும், என்னைப்போல் படித்து மறந்தவர்களுக்கும் ஒரு சின்னப் பாடம். சலிப்பாக இருந்தால் மூன்றுக்குப் போங்கள். ஆனால் பின்னால் வந்து விளங்கவில்லை என்று சொல்லக்கூடாது.

அந்த அரசனுக்கு ஒரு பழக்கம். பணம் வேண்டுமென்றால் பாராளுமன்றத்தைக் கூட்டுவான். அது வாய் திறந்தால் கலைத்துவிடுவான். இதைக் கண்டு அலுத்துப்போன உறுப்பினர்கள் 1641இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இந்தப் பாராளுமன்றம் தன் சொந்தச் சம்மதமின்றிக் கலைக்கப்படலாகாது. அரசனும் வேறு வழியில்லாமல் கையெழுத்து வைத்தான். துணிச்சலான சட்டம். அந்த நேரத்துக்கு நியாயமான சட்டம்.

பிறகு போர் வந்தது. அரசன் ஊரைவிட்டுப் போய்விட்டான். சட்டத்துக்கு அவன் கையெழுத்து வேண்டுமே? "சட்டம் எண்டு சொன்னால்தானே கையெழுத்து, நாங்கள் கட்டளை எண்டு சொல்லுவம்" என்று தங்கள் பாட்டில் ஆளத் தொடங்கினார்கள். (அவர்கள் இப்படி யாழ்ப்பாணத் தமிழில் சொல்லவில்லை. கருத்து அதுதான்.) எல்லாவற்றுக்கும் குழு. போரை நடத்த ஒரு குழு, பணம் சேர்க்க ஒரு குழு, எதிரியின் காணியைப் பறிக்க ஒரு குழு, மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு குழு. இறைச்சிக்கும் பியருக்கும் வரி. அரசனிடமிருந்து மக்களைக் காப்பாற்ற வந்தவர்களிடமிருந்து மக்களை யார் காப்பாற்றுவது என்று சனம் முணுமுணுக்கத் தொடங்கியது.

அரசனிடமிருந்து சபையைக் காப்பாற்றிய அதே சட்டம், இப்போது சபையை எல்லோரிடமிருந்தும் காப்பாற்றியது. கலையச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. கடைசியில் பாராளுமன்றத்தின் சொந்தப் படைவீரர்களே வாசலில் நின்று வேண்டாத உறுப்பினர்களைத் திருப்பி அனுப்பினார்கள். மிஞ்சியவர்களின் கூட்டம்தான் எச்சப் பாராளுமன்றம். சில வருடங்களில் அதையும் துரத்தினார்கள். ஆனாலும் புத்தகப்படி அது சாகவில்லை. 1660இல் மிச்சம்மீதி உறுப்பினர்கள் நரைத்த தலையோடு திரும்பவும் கூடி, தங்களைத் தாங்களே கலைப்பதற்கு வாக்களித்தார்கள். அப்போதுதான் அந்தச் சபை கலைந்தது.

இதைத் திரும்பப் படித்த அன்று எனக்கு ஒரு விளையாட்டுப் புத்தி வந்தது. என் கதைக்கும் ஒரு சட்டம் போட்டேன். மனோகரிதான் சாட்சி:

இந்தக் கதை, தன் பாத்திரங்களின் சம்மதமின்றி முடிக்கப்படலாகாது.

சும்மா ஒரு பகிடிக்குத்தான் போட்டேன்.

3

சிவகலாவுக்கு மணி என்றாலே எரிச்சல். அவளுடைய கணவன் குகநாதன் 'ஆறெ நதித் தமிழ் மன்றத்தின்' தலைவர். நேற்று முந்தாநாள் வந்த தலைவர் அல்ல. ஏறக்குறைய இருபது வருடத் தலைவர். கூட்டத்தில் சத்தம் கூடினால் அடிப்பதற்கென்று எங்கோ மலையூருக்குச் சுற்றுலா போனபோது ஒரு மாட்டு மணி வாங்கிவந்தார். அது கூட்டம் இல்லாத நாட்களில் வீட்டு அலுமாரியில் இருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒருமுறை கிணுங்கும்.

இந்த மன்றத்துக்கும் ஒரு யாப்பு உண்டு. அந்த யாப்பில் பதினாலாம் பிரிவு உண்டு. அது சொல்கிறது: நிர்வாக சபை தன் சொந்தச் சம்மதமின்றிக் கலைக்கப்படலாகாது.

சிரிக்கவேண்டாம். குகநாதனும் ஐரோப்பிய வரலாறு எடுத்தவர்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் யாரைத் தடக்கி விழுந்தாலும் அவர் ஐரோப்பிய வரலாறு எடுத்தவராகத்தான் இருப்பார்.

அந்தப் பிரிவு வந்த கதை கேவலமான கதை அல்ல. மன்றம் தொடங்கிய புதிதில் ஒரு கடை முதலாளி ஒலிபெருக்கியும் பொங்கல் விழாச் சாப்பாடும் இலவசமாகத் தந்தார். அடுத்த வருடம் நிர்வாகத்தைக் கலைத்துத் தன் மைத்துனரைத் தலைவராக்கச் சொன்னார். மணிக்கூட்டு உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை முடித்து அந்த எண்ணெய் நாற்றத்தோடேயே வந்த குகநாதன், "உங்கட ஒலிபெருக்கியைக் கொண்டுபோங்கோ, நாங்கள் தொண்டையாலை கத்துறம்" என்றார். அன்றைக்கே பதினாலாம் பிரிவை எழுதி நிறைவேற்றினார்கள். மண்டபத்தில் பின்வரிசையில் நின்ற சிவகலாவுக்கு அப்போது கலியாணமாகிச் சில வருடங்கள்தான். இந்த மனிசனைக் கட்டினதுக்கு இது ஒன்றே போதும் என்று நினைத்தாள். நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகு குழுக்கள் வந்தன. தேநீர்க் குழு, ஒலிவாங்கிக் குழு, வாகனத் தரிப்புக் குழு, விழா மலர்க் குழு, குழுக்களை ஒருங்கிணைக்கும் குழு. எல்லாவற்றிலும் அதே ஏழு பேர். பெண்பிள்ளைகள் ஓர் உதைபந்தாட்ட அணி தொடங்க மன்றத்தின் பெயரைக் கேட்டார்கள். விண்ணப்பம் விளையாட்டுக் குழுவிலிருந்து பரிசீலனைக் குழுவுக்கும், அங்கிருந்து உடைக் குழுவுக்கும் போய், இரண்டு கோடைகாலம் கழிந்துவிட்டது. பிள்ளைகள் பேரில்லாத அணியாகப் போய்ச் சுவிஸ் அணிகளிடம் தோற்றுவிட்டு வந்தார்கள்.

வீட்டில் சிவகலாவின் நிலைமை? கூட்டம் முடிந்தால் மண்டபத்தைப் பூட்டித் திறப்பை ஒப்படைக்கத் தலைவர் நிற்கவேண்டும். அவள் யாராவது ஒருவரின் காரில் ஏறி, கெர்லாஃபிங்கனில் இருக்கும் வீட்டுக்கு அவருக்கு முதலே போய்ச் சேருவாள். இருபது வருடத்தில் ஒரு கூட்டத்திலிருந்தும் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்குப் போனதில்லை. குகநாதன் போன வருடம் ஓய்வு பெற்றார். இனியாவது வீட்டில் இருப்பார் என்று அவள் பார்த்தாள். மன்றத்துக்குப் புதிதாக இரண்டு குழுக்கள் வந்தன.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். குகநாதன் கெட்டவரா?

கதைக்கு ஒரு கெட்டவர் இருந்தால் சுகம். ஒருநாள் பின்னேரம் இருந்து அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். மீசையைத் தடிப்பாக்கினேன். சிவகலாவைப் பார்த்து "நீ சமையலறையிலை கிட" என்று ஒரு வசனம் கொடுத்தேன். எழுதிய கையோடு எனக்கே வெட்கமாக இருந்தது. இந்த மனிசன் அப்படிச் சொல்லவே மாட்டார். மண்டபத்துக் கழிவறையைத் தன் கையால் கழுவுகிற ஒரே தலைவர் அவர். மழைக்காலத்தில் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் சப்பாத்துகளைச் சூடாக்கியின் மேல் வரிசையாகக் காயவைப்பார்.

மீசையை மழித்துவிட்டேன்.

அப்போதுதான் கதை கஷ்டமானது. அவர் கெட்டவர் என்றால் சிவகலாவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, எழும்பி எதிர்த்து வாக்களித்துவிட்டுப் போகலாம். அவர் நல்லவர். ஆனால் காது கேளாமல் போய்விட்டார். வைத்தியரிடம் காட்டுகிற காது இல்லை, மற்றக் காது. சாப்பாட்டு மேசையில் அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால், "ஓம், அடுத்த விசயம்?" என்பார். பகிடிக்குச் சொல்வதில்லை.

சிவகலாவுக்கு அவர் திரும்பவும் வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. அவர் முழுநாளும் வீட்டில் இருந்தால் தன் சமையலறைக்கும் குழு போட்டுவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் எழுதவேண்டும்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஆண்டுப் பொதுக்கூட்டம். கடைசி விடயம், நிர்வாக சபைத் தெரிவு.

சுவிஸில் ஒரு முறை இருக்கிறது. தெரிவு நடக்கும் நேரம் தலைவர் கதிரையைவிட்டு இறங்கி, நிர்வாகத்தில் இல்லாத ஒருவரை அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அதில் இருத்தவேண்டும். 'தாகெஸ்பிரெசிடென்ட்' என்பார்கள், அந்த நாளுக்கு மட்டும் தலைவர். எங்கள் மன்றமும் இதைச் சுத்தமாகக் கடைப்பிடித்தது. சுத்தமாக என்றால், வருடாவருடம் ஒரு வாய் திறக்காத ஆளைப் பிடித்து இருத்தினார்கள். இந்த முறை செயலாளர் யேசுதாசனுக்கு ஒரு யோசனை. "நிர்வாகத்திலை இல்லாத ஆள்தானே வேணும்? எங்கட சிவகலா அக்கா இருக்கிறா."

குகநாதன் புன்னகைத்தார். சட்டப்படியும் சரி, வீட்டுப்படியும் சரி. எல்லாக் கைகளும் உயர்ந்தன. சிவகலா வடைச் சட்டியை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். மணியைக் கையில் கொடுத்தார்கள்.

* மன்றத்தில் எழுதாத ஒரு சட்டம்: கதிரையில் இருப்பவர் மணியை அடித்துவிட்டு எழும்பினால் கூட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு எதைத் தீர்மானித்தாலும் செல்லாது. இதை நினைவில் வையுங்கள், இன்னும் ஒரு பக்கத்தில் தேவைப்படும்.

வழக்கமாக யாராவது "பழைய நிர்வாகமே தொடரட்டும்" என்பார், கைதட்டுவார்கள், கேக் வெட்டுவார்கள். இந்த முறை ஹரிஷா எழும்பினாள். சோலோதுர்னில் பிறந்த பிள்ளை, பேரில்லாத அந்த அணியின் கோல்காப்பாளர்.

"நிர்வாக சபையைக் கலைச்சுப் புதுசாத் தெரிவு செய்யவேணும் எண்டு நான் பிரேரிக்கிறன்."

நாலு மூலையிலிருந்தும் "வழிமொழியிறன்" என்று சத்தம் வந்தது. முன்கூட்டியே கதைத்துவைத்திருந்தார்கள் என்பது அந்தத் தாளத்திலேயே தெரிந்தது.

குகநாதன் எழும்பினார். கோபப்படவில்லை. யாப்பைத் திறக்காமலே சொன்னார். "பிள்ளை, பதினாலாம் பிரிவு. எங்கட சம்மதம் இல்லாமல் கலைக்கேலாது. அது உங்களை அடக்க எழுதினதில்லை. மன்றத்தைக் காப்பாத்த எழுதினது."

"ஆரிட்டையிருந்து, அங்கிள்?"

"அண்டைக்கு ஒரு ஆள் வாங்கப் பாத்தவர்."

"அவர் கடையையும் வித்துப்போட்டு கனடாவுக்குப் போயிட்டார். இப்ப ஆரிட்டையிருந்து?"

மண்டபத்தில் சிரிப்பு. யேசுதாசனுக்கு முகம் சிவந்தது. ஹரிஷா விடவில்லை. "யாப்பிலை என்ன கிடந்தாலும், ஆக்கள் கூடி நிர்வாகத்தை நீக்கலாம் எண்டு சுவிஸ் கெசெட்ஸ் சொல்லுது அங்கிள். சட்டம். நான் பாத்திட்டுத்தான் வந்தனான்."

இனி என்ன நடந்தது என்பதைச் சபை அமைதியாகக் கேட்கவேண்டும். யேசுதாசன் குனிந்து சிவகலாவின் காதில், "அக்கா, மணியை அடிச்சிட்டு எழும்புங்கோ. காணும்" என்றார். முன்வரிசையிலிருந்து குகநாதனும் அவளைப் பார்த்தார். அவள் அந்தப் பார்வையைக் கலியாணமான நாள் தொட்டு அறிவாள். கலியாண வீடுகளில், சாமத்திய வீடுகளில், போவோம் என்பதற்கு அவர் பார்க்கிற பார்வை. எழும்பு.

பெண்பிள்ளைகள் ஓடிவந்தார்கள். "ஆன்ட்டி, எழும்பாதேங்கோ! பிளீஸ், எழும்பாதேங்கோ!" கோல்காப்பாளரின் தாய் பின்னால் வந்து சிவகலாவின் தோளில் கையை வைத்தாள். அன்பான கைதான். ஆனால் பாரமாக இருந்தது.

* போருக்குப் பதின்மூன்று வருடங்களுக்கு முன் லண்டனில் இது உண்மையாகவே நடந்தது. சபாநாயகர் எழும்பிவிட்டால் சபை கலைந்துவிடும் என்று உறுப்பினர்கள் அவரைக் கதிரையிலேயே பிடித்து அமுக்கி வைத்திருந்தார்கள். அவர் அழுதாராம். நான் கற்பனை பண்ணியது சோலோதுர்னை மட்டும்தான்.

6

எனக்கு வாய்த்த இடம் இது. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1642இல் அந்த அரசன் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்கச் சபைக்குள்ளேயே வந்து, அவர்கள் எங்கே என்று சபாநாயகரைக் கேட்டான். அவர் முழந்தாளிட்டார். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த இடத்தில் எனக்குப் பார்க்கக் கண்ணுமில்லை, பேச நாக்குமில்லை, சபை எனக்கு எதைச் சொல்கிறதோ அதைத் தவிர, என்று சொன்னார். முழங்காலில் நின்றுகொண்டு ஓர் அரசனுக்கு இல்லையென்று சொன்ன மனிதர்.

அந்த வசனத்தை அப்படியே சிவகலாவின் வாயில் வைத்தேன். நல்ல செந்தமிழில், எதுகை மோனையோடு. அவள் துப்பிவிட்டாள்.

"அண்ணை" என்றாள் என்னைப் பார்த்து. "நான் முதியோர் இல்லத்திலை சமைக்கிறனான். உப்பிடிக் கதைச்சால் சனம் எழும்பிப் போயிடும்."

"அப்ப என்ன சொல்லப்போறீர்?"

"எனக்கு விடுங்கோ."

விட்டேன். வேறு வழி?

சிவகலா மணியை அடிக்கவில்லை. மேசையில் பக்குவமாகப் படுக்கவைத்தாள். தோளில் இருந்த கையை மெல்ல எடுத்துவிட்டாள். குகநாதன் இன்னும் நின்றுகொண்டிருந்தார், அந்தப் பார்வையோடு. ஒலிவாங்கி திறந்திருப்பதை அவள் மறந்துவிட்டாளோ, இல்லை மறக்கவில்லையோ, வீட்டில் சொல்வது மாதிரியே சொன்னாள்.

"இருங்கோ அப்பா."

யாரோ சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். குகநாதன் இருந்துவிட்டார். அவருக்கே தெரியாமல் கால் மடங்கிவிட்டது. இருபது வருடத்தில் அந்த மண்டபத்தில் அவரை ஒருவரும் இருக்கச் சொன்னதில்லை.

7

சிரிப்பு அடங்கும்வரை சிவகலா காத்திருந்தாள்.

"பிரேரணை வந்திருக்கு. வழிமொழிஞ்சும் இருக்கு. வாக்கெடுப்பு நடக்கும். கை உயர்த்திறேல்லை, துண்டிலை எழுதுங்கோ. ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் பாத்து வாக்குப் போடவேண்டாம். சமமா வந்தால் கதிரையிலை இருக்கிற ஆளின்ரை வாக்குத்தான் முடிவு. அதுவும் யாப்பிலை கிடக்கு."

யேசுதாசன் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்தார். துண்டு கிழித்தார்கள். பேனை தேடினார்கள். தமிழ்க் கூட்டத்தில் பேனைக்கு எப்போதும் பஞ்சம்.

"அதுக்கு முதல்" என்றாள் சிவகலா, "யாப்பு நிர்வாகத்தின்ரை சம்மதத்தைக் கேக்குது. சுவிஸ் சட்டம் கேக்கத் தேவையில்லை எண்டுது. எண்டாலும் நான் கேப்பன். தலைவர் அவர்களே."

வாழ்நாளில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. சபை நிமிர்ந்து இருந்தது. அவர் ஏதோ சட்டப் பிரச்சினை வரப்போகிறது என்று கண்ணாடியைச் சரிசெய்தார். பதினாலாம் பிரிவின் இரண்டாம் வரி நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"உங்களுக்குக் களைப்பில்லையோ?"

குகநாதன் வாயைத் திறந்தார்.

8

இங்கே நான் மூன்று கிழமை நின்றேன். அவர் பாவம், வாயைத் திறந்தபடி.

முதல் முடிவு: அவர் "ஓம், களைப்புத்தான்" என்கிறார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டுகிறது. மணியை ஹரிஷாவின் கையில் கொடுக்கிறார். எழுதும்போது என் கண்ணே கலங்கியது. சிவகலா கலங்கவில்லை.

"அண்ணை, காய்ச்சல் நூத்திமூண்டு நிண்டாலும் ஒண்டுமில்லை எண்டு சொல்லுற மனிசன் அது. சபையிலை களைப்பெண்டு சொல்லுமோ? வேறை ஆரையோ எழுதிறியள்."

இரண்டாம் முடிவு: அவர் "இல்லை" என்கிறார். துண்டுகளை எண்ணுகிறார்கள். சமம். சிவகலாவின் வாக்கு மிஞ்சுகிறது. அவள் கணவனுக்கு எதிராகப் —

"நிப்பாட்டுங்கோ" என்றாள். "நீங்கள் எழுதிப்போட்டு பாசலுக்கு ரெயின் எடுப்பியள். நான் இந்த ஆளோடை ஒரு வீட்டிலை இருக்கவேணும். அவருக்காகப் போட்டால் அந்தப் பிள்ளையளின்ரை முகத்திலை முழிக்கேலாது. உது முடிவில்லை அண்ணை, நீங்கள் தப்புற வழி."

மூன்றாம் முடிவு, வரலாற்று முடிவு. எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. சில வருடங்கள் கழித்து, மிஞ்சிய நாலைந்து நிர்வாகிகள் நரைத்த தலையோடு கூடி, தாங்களே தங்களைக் கலைத்துக்கொள்கிறார்கள், அந்தப் பாராளுமன்றம் மாதிரியே. வட்டம் அழகாகப் பூர்த்தியாகிறது. மனோகரி கோப்பிக் கோப்பையோடு வந்து வாசித்தாள்.

"அதுக்கிடையிலை பிள்ளையளுக்குப் பந்தடிக்கிற வயசு போயிடும்" என்றாள்.

அழகான வட்டத்தை அழித்தேன்.

"அப்ப என்னதான் செய்யிறது?" என்று கத்தினேன். சிவகலாவைப் பார்த்துத்தான். "நான் எழுதின ஆள் நீர். நான்தான் முடிக்கவேணும்."

"எங்கட சம்மதம் இல்லாமல் முடிக்கேலாது" என்றாள் சாந்தமாக. "நீங்கள் போட்ட சட்டம்."

நான் போட்ட சட்டந்தான். அன்றைக்கு அது நல்ல சட்டமாகத்தான் இருந்தது. குகநாதனின் நிலைமை எனக்குக் கொஞ்சம் விளங்கியது அப்போதுதான்.

"சரி" என்றேன். குரல் இறங்கிவிட்டது. "உமக்கு என்ன வேணும்?"

இதை அவளிடம் யாரும் கேட்டு நாளாகியிருக்க வேண்டும்.

"ஆர் வெண்டது, ஆர் தோத்தது எண்டு எனக்கு வேண்டாம். துண்டெல்லாம் பெட்டியிலை விழட்டும். எண்ணுற ஆள் எண்ணட்டும். சமமா வந்தால் கதிரையிலை இருக்கிற ஆள் போடட்டும். அந்த ஆள் நானா இருக்கவேணும் எண்டில்லை. எங்கள் ரெண்டு பேரையும் வீட்டை விடுங்கோ. ஒண்டா. ஒரே காரிலை."

"மண்டபத்தை ஆர் பூட்டுறது?"

"அதை நீங்கள் பாருங்கோ."

9

ஆகவே வாசகரே, கையை நீட்டுங்கள்.

இது மண்டபத் திறப்பு. கதவு கொஞ்சம் இறுக்கம், தோளால் ஒரு தள்ளுத் தள்ளவேண்டும். தரையைக் கூட்டித்தான் ஒப்படைக்கவேண்டும். கதிரைகளைப் பத்துப் பத்தாக அடுக்குங்கள். மண்டபப் பொறுப்பாளர் காலையில் வந்து ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். மிச்ச வடையை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு குழுவும் இல்லை.

மேசையில், துண்டுகள் எல்லாம் விழுந்த ஐஸ்கிரீம் பெட்டி இருக்கிறது. மூடி திறக்கவில்லை. நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, சத்தியமாக. ஹரிஷாவும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருந்து உங்களைத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த கோடைக்குள் ஒரு பதில் வேண்டும். சிவகலாவின் கதிரையில் இப்போது நீங்கள், சமமாக வந்தால் உங்கள் வாக்குத்தான். குகநாதன் கழிவறை கழுவியதையும் மறக்கவேண்டாம், பிள்ளைகள் பேரில்லாமல் விளையாடியதையும் மறக்கவேண்டாம்.

அவர்கள் இரண்டு பேரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். குகநாதன் பழக்கத்தில் விளக்குச் சுவிச்சைத் தேடிக் கையை நீட்டினார்.

"விடுங்கோ" என்றாள் சிவகலா. "அவை பாப்பினம்."

"திறப்பு?"

"குடுத்தாச்சு."

அவர் திரும்பி மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். உங்களைப் பார்த்தாரா, கதிரையைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவை அவர் திறக்கப்போக, "நான் காரை ஓடுறன், நீங்கள் அங்காலை இருங்கோ" என்றாள். அவர் சுற்றிவந்து இருந்தார். இருக்கைப் பட்டி போட மறந்துவிட்டார். அவள் எட்டி இழுத்துப் போட்டுவிட்டாள்.

ஆறெ நதிப் பாலத்தைத் தாண்டினார்கள். ஏதாவது கதைப்பார் என்று அவள் காத்திருந்தாள். சபையில் கேட்ட கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. சிவப்பு விளக்கில் கார் நின்றது. திரும்பிப் பார்த்தாள். தலை ஜன்னலில் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்தபடி, குகநாதன் நித்திரையாகிவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி நித்திரை. பாதி வழியில் இருக்கிற பிபெரிஸ்ட் கூட வரவில்லை.

பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். பச்சை விழுந்திருந்தது. சிவகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தலை ஆடாதபடி மெல்லக் காரை எடுத்தாள்.

"அண்ணை" என்றாள் என்னிடம், மிகத் தாழ்ந்த குரலில். "இப்ப முடியுங்கோ. எனக்குச் சம்மதம். சத்தம் போடாமல் முடியுங்கோ."

முடித்துவிட்டேன். மிச்சம் உங்களிடம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து துண்டுகளை எண்ணுங்கள். மணியை மட்டும் அடிக்காதீர்கள்.